நான் செய்த விளக்கும் அவர் வாங்கிய விளக்கும்

என் கணவர் கத்தாரில் ஒன்பது வருடம் இருந்தார். பெரிய ஓட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை. அந்த ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு கடல்தண்ணீர்த் தொட்டி இருந்ததாம். உள்ளே மீன், பவளம், பாறை எல்லாம் உண்டாம். அதன் பம்பைக் கழற்றிக் கழுவுவதும் கண்ணாடியைத் துடைப்பதும் இவர் பொறுப்பு. ஊருக்குத் திரும்பி செஞ்சிக் கடைவீதியில் பெயிண்ட் கடை போட்ட பிறகும் அந்தத் தொட்டி அவரை விடவில்லை. கல்யாணமான புதிதில் கத்தாரிலிருந்து எனக்குப் போனில் அனுப்பிய படங்களில் பாதி அந்தத் தொட்டியின் படங்கள்தான். மீதியில் அவர் அதன் முன்னால் நிற்பார்.

கடை ஒரு நிலைக்கு வந்ததும் வீட்டுக் கூடத்தில் ஒரு தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னார். மாமியார் எதிர்த்தார். எங்களுடையது தமிழ் ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்கிற வீடு. "மீனுக்கு இன்னா போடுவ? புழு, எறா எல்லாம் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அத்தை. கணவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மீனே வேண்டாம், பவளம் மட்டும் வைப்போம் என்றார். மென்மையான சில வகைப் பவளங்கள் உண்டு. அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். அந்தப் பாசி வெளிச்சத்தை வாங்கி உணவாக்கிப் பவளத்துக்கும் கொடுக்கும். நாம் ஒன்றும் போட வேண்டாம்.

"வெளிச்சம்தாம்மா அதுக்குச் சோறு" என்றார் அவர்.

அத்தைக்கு அது பிடித்துப்போயிற்று. சரி என்றுவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் விளக்கு என்பது அந்த உயிர்களுக்கு முழுச் சாப்பாடு என்று ஆனது. சாதாரண டியூப்லைட்டில் அவை பிழைக்காது. குறிப்பிட்ட நீலமும் கொஞ்சம் வெள்ளையும் கலந்த, பலமான எல்.இ.டி. விளக்கு வேண்டும்.

தொட்டி வந்தது. பாறை வந்தது. கடலுப்புப் பொடியைச் சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து ஊற்றியாயிற்று. வெயில்காலத்தில் தண்ணீரைக் குளிர்விக்க ஒரு பெட்டியும் வந்தது. செஞ்சியில் மலையெல்லாம் பாறை. சித்திரையில் பகலெல்லாம் வாங்கிய சூட்டை விடியும்வரை ஊரின்மேல் ஊதிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டி இல்லாமல் முடியாது. இத்தனையும் வாங்கி முடித்தபோது விளக்குக்கு அவர் கையில் ஒன்றும் மிச்சமில்லை. சென்னை கொளத்தூரில் ஒரு கடைக்காரருக்குப் போன் செய்து விலை கேட்டார். கேட்டுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சு தரேங்க" என்றேன்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். மேல்சித்தாமூர் பக்கம் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திண்டிவனம் போய்ப் படித்தேன். முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் போன் போர்டுகளுக்குச் சால்டரிங் செய்கிற வரிசையில் ஒன்றரை வருடம் இருந்தேன். கல்யாணம் நிச்சயமானதும் என் நைனா வந்து அழைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு என் கையில் சால்டரிங் அயர்ன் ஏறியது மிக்ஸி வயர் அறுந்தபோது மட்டும்தான்.

"நீயா?" என்று சிரித்தார். "மிக்ஸி வயர் ஒட்றதும் இதுவும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. ஆனா தெரியும்."

"சரி செய்யி. கை கொஞ்சம் நிமிர்ந்ததும் கம்பெனி லைட் வாங்கிக்கலாம். அதுவரைக்கும் ஓடட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் படித்தேன். உலகம் முழுக்க எத்தனையோ பேர் இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நாமே செய்வதா, வாங்குவதா என்று பக்கம் பக்கமாக வாதாடுகிறார்கள். நாமே செய்தால் எந்த நிறம் எத்தனை எல்.இ.டி. சில்லு என்று தீர்மானிக்கலாம், ஒரு சில்லு போனால் அதை மட்டும் மாற்றலாம் என்கிறார்கள் ஒரு பக்கம். சூடு, ஈரம், உப்பு, மின்சாரம் நான்கையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விளையாடாதீர்கள் என்கிறார்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனாலும் நான் ஏற்கெனவே ஒரு பக்கம் போய்விட்டிருந்தேன்.

நீலச் சில்லுகளையும் வெள்ளைச் சில்லுகளையும் தபாலில் வரவழைத்தேன். சூட்டை இழுக்கும் கனத்த அலுமினியக் கட்டை சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது. சமையல்கட்டு மேடையில் அத்தை சாப்பிட்டு எழுந்த பிறகு பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவேன். ஒவ்வொரு சில்லின் அடியிலும் பசை தடவி, அலுமினியத்தில் திருகி, வரிசையாக வயர் இழுத்து ஒட்டினேன். முதல் நாள் ஒட்டுகள் கட்டி கட்டியாக வந்தன. மூன்றாம் நாள் ஒட்டு ஒவ்வொன்றும் சின்ன வெள்ளி மணிபோல் பளபளவென்று வந்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வரிசை மேற்பார்வையாளர் என் போர்டுகளைத்தான் புதிதாக வருபவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். அதை இந்த வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. கூட்டவும் குறைக்கவும் அவைதான். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய இரண்டு விசிறிகளை மேலே வைத்தேன். பார்க்க அழகாக இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். வயர்கள் வெளியே தெரிந்தன. மரச்சட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

விளக்கைப் போட்ட அன்று கொளத்தூரிலிருந்து பவளங்கள் வந்திருந்தன. சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய மென்பவளங்கள் மட்டும். குடைக்காளான்போல் ஒன்று. பொத்தான்களை நெருக்கித் தைத்ததுபோல் ஒரு கூட்டம். தட்டையாக, சுருங்கிய துணிபோல் சில. நீலத்தை மெல்ல ஏற்றினேன். பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக எரிய ஆரம்பித்தன. அத்தைகூட எழுந்து வந்து பார்த்தார். கணவர் என் தோளில் கை வைத்து, "ஏய், சூப்பரா இருக்குது" என்றார். அந்தக் கையின் கனத்தை நான் வெகுநாள் நினைவில் வைத்திருந்தேன்.

என் தவறு ஒன்றும் உண்டு. சில்லுகளுக்குக் கீழே தடுப்பு எதுவும் வைக்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் உப்புத்தண்ணீர் தெறித்து ஓர் ஒட்டு பச்சை பூத்துப்போய் ஒரு வரிசை நீலம் அணைந்தது. அன்றைக்கே கழற்றிச் சுத்தம் செய்து ஒட்டி, கீழே அக்ரிலிக் தகடு ஒன்றைப் போட்டேன். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த விளக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யார் வந்தாலும் அவர் அந்த ஒரு நாளைச் சொல்லாமல் விடமாட்டார். "ஒரு நாள் பொசுக்குனு போயிடுச்சு. பயந்துட்டேன்."

பவளங்கள் வளர்ந்தன. காளான் உள்ளங்கை அளவிலிருந்து சாப்பாட்டுத் தட்டளவுக்கு வந்தது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். முதலில் எல்லோரும் மீன் எங்கே என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே விளக்குவார். "இப்டி செட் பண்ணினது, லைட்டு இப்டி வெச்சது" என்பார். செட் பண்ணியது யார், வைத்தது யார் என்பது அந்த வாக்கியங்களில் இருக்காது. நான் டீ கொண்டுவந்து வைப்பேன்.

கத்தாரில் அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அவருக்குத் தொட்டி வேலை நன்றாகத் தெரியும். தொட்டிக்கு மேலே குனிந்து பார்த்துவிட்டு, "இது எந்தக் கம்பெனி லைட்டுப்பா?" என்று கேட்டார். நான் கதவருகில் நின்றிருந்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "சும்மா, லோக்கல்ல செஞ்சது. டெம்பரவரி. மாத்திடணும்."

நண்பர், "கலர் நல்லா வந்திருக்குதே" என்றார்.

"அது பவளம் நல்ல பவளம்."

அன்று ராத்திரி சமைக்கவே எனக்கு மனமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டில் சமையல் நாலு மணிக்கே முடிந்துவிடும். எல்லாம் வழக்கம்போல் நடந்தது. பாத்திரம் கழுவும்போது மட்டும் லோக்கல், லோக்கல் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பங்குனி கடைசியில் அந்தக் காளான் மூடிக்கொண்டது. அதன் விரல்போன்ற இழைகள் எல்லாம் உள்ளே போய், மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு படலம். நான் பயப்படவில்லை. இந்த வகை அவ்வப்போது தோலை உரிக்கும், ஒன்றிரண்டு வாரம் சும்மா விட்டால் தானே திறந்துகொள்ளும் என்று படித்திருந்தேன். அவரிடம் சொன்னேன். படித்ததைப் போனில் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. "லைட்டுதான். நான் அப்பவே நெனச்சேன். இதெல்லாம் வீட்ல செய்ற வேலையா?"

"எட்டு மாசமா வளந்துச்சே?"

"எட்டு மாசம் தாக்குப் பிடிச்சுது. அவ்ளோதான்."

மறுவாரம் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். கடையில் வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அவர் கிளம்பிய அன்று காலை பத்து மணி இருக்கும். தொட்டிப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். காளான்மேல் இருந்த படலம் ஒரு பக்கம் கிழிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து புது விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் முழுக்க விரிந்துவிட்டது. போன் செய்தேன்.

"ஏங்க, தெறந்துடுச்சு. நல்லா விரிஞ்சிருக்குது. போட்டோ அனுப்பறேன். வாங்காம வந்துடுங்க."

பின்னால் கடைச் சத்தம் கேட்டது. "ரெண்டு நாள்ல மறுபடி மூடிக்கும். நான் எடுத்துட்டேன்."

அன்று அமாவாசை. மேல்மலையனூர் போகிற கூட்டம் எல்லா பஸ்ஸிலும். திண்டிவனத்திலிருந்து நின்றுகொண்டே, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டை நனைந்து, முகமெல்லாம் குங்குமப்பொடி. வாசலில் ஏறும்போதே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. கத்தாரில் இருந்த தொட்டிக்கு மேலும் இதே கம்பெனி விளக்குதானாம்.

மெல்லிய, கறுத்த, அழகான பொருள். வயர் ஒன்று மட்டும் வெளியே வரும். மற்றதெல்லாம் அவர் போனிலிருந்தே நடக்கும். என் விளக்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அதை மாட்டினார். போனில் எதையோ அழுத்தினார். கூடம் முழுக்க வெளிச்சம் கொட்டியது. எனக்கே கண் கூசியது.

"முழுசா வெச்சிருக்கீங்களா?"

"கம்பெனி செட்டிங்."

"மொதல்ல கால்வாசி வெச்சு, வாரத்துக்குக் கொஞ்சமா ஏத்தணும். இத்தினி நாளா கம்மி வெளிச்சத்துல பழகினது. திடீர்னு இவ்ளோ குடுத்தா தாங்காது."

"அவனுங்க லட்சக்கணக்குல வித்திருக்கானுங்க. அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேடிக்கையாகவே சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

அவர் காலை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வருவார், பிறகு பொழுது சாய. விளக்கு அதுவாகவே காலையில் எரிந்து இரவில் அணையும். அதைக் குறைக்கிற வழி அவர் போனில் மட்டும்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறு வழியும் தெரியும். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டால் போதும். வெளிச்சம் வடிகட்டி இறங்கும். வாரம் ஒரு மடிப்பாக எடுத்துவிடலாம். அவர் வரும் நேரத்துக்கு எடுத்து மறைத்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாம் நாள் பீரோவின் மேல் இருந்த பழைய கொசுவலையை எடுத்து, தொட்டி அளவுக்குக் கத்தரித்தேன். கையில் பிடித்துக்கொண்டு தொட்டியின் முன் நின்றேன். அந்தத் தட்டைப் பவளங்கள் ஏற்கெனவே ஓரம் சுருண்டு வெளிச்சத்திலிருந்து விலகிக்கொள்ளப் பார்த்தன. போட்டால் பிழைத்துக்கொள்ளும். பிழைத்துக்கொண்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குக் கேட்டது. பாத்தியா, கம்பெனி லைட்டு வந்ததும் எப்டி இருக்குது பாரு. அதை நான் டீத் தட்டோடு நின்று கேட்க வேண்டும். காப்பாற்றியது நான் என்பது இதிலும் வராது.

வலையை மடித்துப் பழைய இடத்தில் வைத்தேன். தோற்கட்டும் என்று நினைத்தேன். வேறு வார்த்தையில் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஒத்துவரவில்லை. தோற்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு கொடுமை என்னவென்றால், சாக ஆரம்பிக்கும்போது அவை இன்னும் அழகாயின. உள்ளே குடியிருந்த பாசி வெளியேறிவிட, உடம்பின் மங்கல் போய், ரோஜாவும் வெளிர்ப்பச்சையுமாகக் கண்ணாடிபோல் ஒளிர்ந்தன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். "பாரு, கலர் எப்டி ஏறியிருக்குது! லைட்னா இது லைட்டு." அவர்கள் ஆகா என்றார்கள். அது நோயின் நிறம் என்று எனக்குத் தெரியும். அப்போதும் நேரம் இருந்தது. அன்றைக்குச் சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். வந்தவர்களுக்கு டீ வைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் எல்லாம் வெள்ளையாகின. பிறகு பொத்தான்கள் கரைந்தன. காளான் நடுவில் பழுப்பாகி, தொட்டால் பிய்ந்து வந்தது. கூடத்தில் நாற்றம். அத்தை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"செத்துப்போச்சா?"

அவர் தலையாட்டினார்.

"பட்டினியா?"

அவர் போனை எடுத்து விளக்கை அணைத்தார். அத்தை உள்ளே போனார். பட்டினி இல்லை அத்தை, அளவுக்கு மீறிக் கொட்டியதுதான் என்று என் நாக்குவரை வந்தது.

அவர் முதலில் தண்ணீரைச் சொன்னார். அப்புறம் உப்பைச் சொன்னார். கடைசியில், "உன் லைட்ல இருந்தே வீக்காயிடுச்சு. அதனாலதான் தாங்கல" என்றார்.

எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்தது அன்றைக்கு உடைந்தது. "நான் சொன்னேன் இல்ல? கால்வாசி வெச்சு ஏத்துங்கன்னு மொத நாளே சொன்னேன் இல்ல?" என்று கத்தினேன். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொன்ன. ஒரு தடவ சொன்ன. அவ்ளோ தெரிஞ்சவ, கண்ணு முன்னாடி சாகும்போது ஏன் சும்மா இருந்த?"

அவர் அதை யோசித்துக் கேட்கவில்லை. கோபத்தில், கைக்குக் கிடைத்த கல்லைப்போல் அதை எறிந்தார். அது சரியாக என் நெற்றியில் விழுந்தது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்ட ஆரம்பித்தேன்.

தொட்டியையும் புது விளக்கையும் சேர்த்து புதுச்சேரியிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். என் விளக்கை அந்த ஆள் கையில் எடுத்துப் பார்த்து, இது வேண்டாம் சார் என்று வைத்துவிட்டுப் போனார். நான் ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். ஒவ்வொரு ஒட்டையும் சூடாக்கி, வயரை இழுத்து, சில்லுகளைத் தனியாகக் கழற்றினேன். எல்லாம் எரிகிற சில்லுகள். ஒன்றுகூடப் பழுதில்லை.

அடுத்த மாதம் திண்டிவனத்தில் தெருவிளக்குகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் என் ஒட்டுவேலையைப் பார்த்துவிட்டு, "இத்தினி வருஷம் எங்கம்மா இருந்தே?" என்று கேட்டார். சந்தோஷப்பட வேண்டிய கேள்வி. என்னால் முடியவில்லை.

ஒருநாள் வேலைநேரத்தில், அந்தக் கத்தார் நண்பர் போனில் கூப்பிட்டார். அவரும் சின்னதாக ஒரு தொட்டி வைக்கப்போகிறாராம். "அது நீங்க செஞ்ச லைட்டுன்னு என் வொய்ஃப் அன்னைக்கே சொன்னா. உங்க மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாளாம். எனக்கும் ஒண்ணு செஞ்சு தரீங்களாம்மா? இல்ல ரெடிமேடே வாங்கிடவா?"

"வாங்கிடுங்கண்ணா" என்றேன்.

"அதுதான் நல்லதா?"

"நல்லது கெட்டது இல்லண்ணா. ஏதாவது ஆனா கம்பெனிய திட்டிட்டுப் போயிடலாம்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்.

எங்கள் மதத்தில் வருடத்தில் ஒருநாள் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம். மனிதர்களிடம் மட்டும் இல்லை, எல்லா உயிர்களிடமும். அன்று காலை அத்தையிடம் கேட்டேன், அவரும் என்னிடம் கேட்டார். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து கைகூப்பி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுக்கணும் என்றார். வருடா வருடம் சொல்கிற அதே வேகத்தில்.

நானும் கைகூப்பினேன். தெரிந்தும் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"கொசுவலைய வெட்டி எடுத்துட்டு வந்தேன்" என்றேன். "தொட்டிமேல போட்டிருந்தா எல்லாம் பொழச்சிருக்கும். வேணும்னுதான் போடல."

அவர் கை கூப்பியபடியே இருந்தது. என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்றே பிடிபட்டதாகத் தெரியவில்லை. பிறகு கையைக் கீழே போட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? சாப்டியா? பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு."

சாப்பிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.